கேஷ் என்றால் காசா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை முதல் மாதத்தில் பயமுறுத்துவது மெஷின் அல்ல. திரையில் திடீரென்று வந்து நிற்கும் சொற்கள்தான். மவுஸ் என்றால் எலி, விண்டோ என்றால் ஜன்னல், குக்கி என்றால் பிஸ்கட். இவற்றைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு சொல்லைக் கண்டதும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. அதுதான் 'கேஷ்'.

"கிளியர் கேஷ்" என்று ஒரு பட்டன் இருக்கிறது. பிரவுசரில் இருக்கிறது, மொபைல் போனில் இருக்கிறது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் இதைத்தான் அழுத்தச் சொல்வார்கள். கிளியர் என்றால் துடைத்துவிடுவது. கேஷ் என்றால் ரொக்கம். அப்படியென்றால் ரொக்கத்தைத் துடைத்துவிடுவதா? பயம் வராமல் என்ன செய்யும்?

நான் திருவண்ணாமலையில் மாலை நேரங்களில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அடிப்படை விஷயங்களைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேராவது இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். எனவே இந்த மாதம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, என்னென்ன பொருள் தருகிறது, நம் கம்ப்யூட்டருக்குள் எப்படி நுழைந்தது என்று பார்த்துவிடலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தச் சொல்லுக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது.

ஓர் ஒலி, மூன்று சொற்கள்

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற ஒலிக்குப் பின்னால் மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. முதலாவது, நாம் கடையில் கொடுக்கும் ரொக்கப் பணம். இரண்டாவது, ஆசிய நாடுகளில் புழங்கிய மிகச் சிறிய நாணயம். இந்த இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான்: சி, ஏ, எஸ், எச். மூன்றாவதுதான் கம்ப்யூட்டரில் வருவது. அதன் எழுத்துகள் சி, ஏ, சி, எச், இ. நம் ஊரில் இதைக் கேச் என்றும் கேட்ச் என்றும் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் உச்சரிப்பில் ரொக்கப் பணத்துக்கும் இதற்கும் துளி வித்தியாசம் கிடையாது. குழப்பம் நம்முடைய தவறு அல்ல, சொல்லே அப்படித்தான்.

மூன்றும் மூன்று வேரிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேஷ்: பெட்டி

இன்று கேஷ் என்றால் பணம். ஆனால் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதற்குப் பணம் வைக்கும் பெட்டி என்ற பொருள் இருந்தது. இத்தாலி மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் பெட்டியைக் குறித்த சொற்களிலிருந்து அது வந்தது. அவற்றுக்கும் மூலம் லத்தீன் மொழியின் 'காப்ஸா'. அதற்கும் பொருள் பெட்டிதான்.

பெட்டிக்குள் இருப்பது பணம். எனவே நாளடைவில் பெட்டியின் பெயரே பணத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு பெட்டி என்ற பொருள் மறைந்து, பணம் மட்டும் நின்றுவிட்டது. பெட்டியைக் காப்பவர் 'கேஷியர்' ஆனார்.

இது வெள்ளைக்காரர்கள் மட்டும் செய்த வேலை என்று நினைக்காதீர்கள். நம் ஊர் மளிகைக் கடையில் பணம் போடும் பெட்டிக்கு என்ன பெயர்? கல்லாப் பெட்டி. "கல்லாவுல எவ்வளவு இருக்கு?" என்றால் பெட்டிக்குள் இருக்கும் பணத்தைக் கேட்கிறோம். ஒரு சினிமா நன்றாக ஓடினால் "கல்லா கட்டுகிறது" என்கிறோம். அங்கே பெட்டியே கிடையாது, பணம் மட்டும்தான். கல்லா தமிழில் நடந்து வந்த அதே பாதையில்தான் கேஷ் ஆங்கிலத்தில் நடந்து வந்திருக்கிறது.

உண்டியலையும் பாருங்கள். அண்ணாமலையார் கோயிலில் பௌர்ணமி கிரிவலத்துக்குப் பிறகு உண்டியல் திறந்து எண்ணுவார்கள். "இந்த மாதம் உண்டியல் எவ்வளவு?" என்றுதான் ஊரில் பேச்சு. பெட்டியின் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. இதே உண்டியல் என்ற சொல்லுக்கு, வணிகர்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பணம் அனுப்ப எழுதிக் கொடுத்த சீட்டு என்றும் ஒரு பொருள் உண்டு. பெட்டி, பணம், சீட்டு என்று மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து விளையாடுவது எல்லா மொழியிலும் இருக்கிறது.

அந்த லத்தீன் பெட்டியின் பிள்ளைகள் இன்னும் சிலர் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் வெளிக்கூடு, அதாவது நாம் கேபினட் என்று சொல்வதை ஆங்கிலத்தில் 'கேஸ்' என்பார்கள். அதுவும் காப்ஸாதான். மருந்துக் கடையில் வாங்கும் 'காப்ஸ்யூல்' என்பது குட்டிப் பெட்டி. பாட்டுக் கேட்ட 'கேசட்' என்பதும் சின்னப் பெட்டி. 1980களில் ஹார்ட் டிஸ்க் இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர்களில் புரோகிராம்களை இந்தக் கேசட்டில்தான் பதிந்து வைத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முந்திரிப் பருப்பை ஆங்கிலத்தில் 'கேஷ்யூ' என்கிறார்கள். அதற்கும் பணத்துக்கும் பெட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழிச் சொல். போர்ச்சுகீசியர் வழியாக உலகம் சுற்றியது.

இரண்டாவது கேஷ்: நம்ம காசு

இப்போது சுவையான பகுதி. ஆங்கில அகராதியில் கேஷ் என்ற சொல்லுக்கு இரண்டாவதாக ஒரு பதிவு இருக்கும். "இந்தியா, சீனா முதலிய நாடுகளில் வழங்கிய சிறு நாணயம்" என்று பொருள் போட்டு, எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் தமிழ் என்று எழுதியிருக்கும். ஆம், நம்முடைய 'காசு'தான் அது.

வந்த வழி இது. 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைகளில் வியாபாரம் செய்த போர்ச்சுகீசியர் இங்கே புழங்கிய காசைத் தங்கள் வாய்க்கு ஏற்ப 'கைஷா' என்று சொன்னார்கள். அவர்கள் மொழியில் அந்த ஒலிக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது: பெட்டி. அதே லத்தீன் காப்ஸாவிலிருந்து வந்த சொல். தெரியாத ஊர்ச் சொல்லைத் தெரிந்த வீட்டுச் சொல்லாக மாற்றிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டபோது அது கேஷ் ஆயிற்று. பெட்டியிலிருந்து வந்த கேஷும் காசிலிருந்து வந்த கேஷும் இப்படி ஒரே எழுத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

காசு என்ற சொல்லை வடமொழியில் ஓர் எடை அளவைக் குறிக்கும் 'கர்ஷ' என்பதோடு தொடர்புபடுத்தும் அறிஞர்கள் உண்டு. எப்படியிருந்தாலும் ஆங்கிலத்தில் கேஷ் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் காசு கல்லில் வெட்டப்பட்டுவிட்டது. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்த கணக்குகள் இருக்கின்றன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம்!

ஆங்கிலேயர் சென்னையில் கணக்கு எழுதியபோதும் நம் காசைத்தான் எழுதினார்கள். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு பகோடா, அதாவது வராகன். ஒரு பகோடாவுக்கு 3,360 காசு. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரின் சோஹோ நாணயச் சாலையில், நீராவி இயந்திரத்தில் செப்புக் காசுகளை அடித்து 1803ஆம் ஆண்டிலும் 1808ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. அவற்றில் '20 கேஷ்' என்பதை ரோமன் எழுத்தில் பொறித்தார்கள்.

அப்படி 1808 என்று பொறித்த காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் புறப்பட்டது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு அதிக தூரம் போவதற்குள், குட்வின் மணல் திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து காசுகளை வெளியே எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் வெற்றிலை வாங்கியிருக்க வேண்டிய காசு, 175 ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்திருக்கிறது.

திருவிதாங்கூரில் இன்னும் நீண்ட நாள் காசு புழங்கியது. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய். குமரி மாவட்டம் 1956 வரை அந்த ராஜ்யத்தின் பக்கம்தான் இருந்தது. சீனாவில் நடுவில் சதுரத் துளை போட்ட செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் கேஷ் என்றே அழைத்தார்கள். இன்றும் நாணயம் சேகரிப்பவர்கள் அதைச் சீனக் கேஷ் என்கிறார்கள். சீனர்கள் தங்கள் நாணயத்துக்கு வைத்த பெயர் வேறு. உலகம் அறிந்த பெயர் தமிழ்ப் பெயர்!

இதையெல்லாம் விட எனக்கு வியப்பாக இருப்பது, எங்கள் ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதுச்சேரிக் கதை. பிரெஞ்சு ஆட்சியில், 1923 முதல் அங்கே தபால்தலைகளின் விலையைக் காசு, பணம், ரூபாய் என்று அச்சிட்டார்கள். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். அந்தத் தபால்தலைகளில் காசு என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் எந்த எழுத்தில் அச்சிட்டார்கள் தெரியுமா? சி, ஏ, சி, எச், இ. அதாவது இன்று நம் கம்ப்யூட்டர் திரையில் வரும் அதே எழுத்து! 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் விலகும் வரை இந்தியாவின் ஒரு மூலையில் இந்த ஐந்து எழுத்துக்கு உண்மையாகவே காசு என்றுதான் பொருள்.

எனவே "கிளியர் கேஷ் என்றால் காசை அழிப்பதா?" என்று யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள். அவர் புதுச்சேரித் தபால்தலையைப் படித்த மாதிரி படிக்கிறார். அவ்வளவுதான்.

மூன்றாவது கேஷ்: ஒளித்து வைத்த இடம்

கம்ப்யூட்டரில் வரும் கேஷ் இந்த இரண்டும் அல்ல. பிரெஞ்சு மொழியில் 'காஷே' என்றால் ஒளித்து வை என்று பொருள். அதிலிருந்து, ஒளித்து வைக்கும் இடத்துக்குக் 'காஷ்' என்று பெயர். வட அமெரிக்கக் காடுகளில் விலங்குத் தோல் வியாபாரம் செய்தவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு பேசியவர்கள். அவர்கள் திரும்பி வரும் வழியில் தேவைப்படும் உணவையும் சேகரித்த தோலையும் குழி தோண்டி மறைத்து வைப்பார்கள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடக்க முடியாதல்லவா? அந்தக் குழிதான் கேஷ். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஆங்கிலத்திலும் புகுந்தது.

கம்ப்யூட்டருக்கு இது வந்தது 1960களில். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1949இல் எட்சாக் என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய, மெதுவான மெமரிக்கு முன்னால் சிறிய, வேகமான மெமரி ஒன்றை வைத்தால் வேலை விரைவாக நடக்கும் என்பது அதன் சாரம். ஆனால் அவர் வைத்த பெயர் 'ஸ்லேவ் மெமரி', அதாவது அடிமை நினைவகம். ஐ.பி.எம். நிறுவனம் 1968இல் அறிவித்த சிஸ்டம் 360 மாடல் 85 என்ற பெரிய கம்ப்யூட்டரில் இத்தகைய மெமரி இடம் பெற்றது. பொறியாளர்கள் அதற்கு 'அதிவேக பஃபர்' என்று பெயர் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட இருந்த ஐ.பி.எம். இதழின் ஆசிரியர் லைல் ஜான்சனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கேஷ் என்று வைக்கலாமே என்றார். பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பத்திரிகை ஆசிரியர் திருத்திய சொல்தான் இன்று உங்கள் போன் வரைக்கும் வந்திருக்கிறது.

அந்த மாடல் 85இல் இருந்த கேஷ் 16 கிலோ பைட். 1989இல் வந்த இன்டெல் 486 சிப்புக்குள் 8 கிலோ பைட். இன்று வீட்டுக் கம்ப்யூட்டர்களிலேயே பல மெகா பைட் இருக்கிறது. உங்களிடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமா? விண்டோஸ் 10 அல்லது 11இல் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் சி.பி.யு. என்பதைக் கிளிக் செய்யுங்கள். கீழே எல்1, எல்2, எல்3 கேஷ் என்று மூன்று வரிகள் இருக்கும். எல்1 என்பது பிராசசருக்கு மிக அருகில் இருப்பது. அளவில் மிகச் சிறியது, வேகத்தில் முதலாவது.

அஞ்சறைப் பெட்டி

இதை எப்படிப் புரிந்துகொள்வது? சமையலறைக்குப் போங்கள். அடுப்புப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. அதில் கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் தூள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். கிலோ கணக்கில் வாங்கியது அலமாரி டப்பாவில் இருக்கிறது. வருடத்துக்கு வாங்கிய புளியும் மிளகாயும் பரணில் இருக்கின்றன. தாளிக்கும்போது கடுகுக்காகப் பரண் ஏறினால் எண்ணெய் கருகிவிடும். அதனால்தான் அஞ்சறைப் பெட்டி. அதுதான் கேஷ். அலமாரிதான் ராம். பரண்தான் ஹார்ட் டிஸ்க்.

வேக வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? தோராயமாகச் சொன்னால், கேஷிலிருந்து ஒரு தகவலை எடுக்க 1 நானோ செகண்ட் ஆகிறது. ராமிலிருந்து எடுக்க 100 நானோ செகண்ட். எஸ்.எஸ்.டி. என்றால் 1 லட்சம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 1 கோடி. இந்த எண்கள் மனதில் நிற்காது. எனவே ஒரு நானோ செகண்டை ஒரு செகண்டாக இழுத்துப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகு ஒரு செகண்டில் கைக்கு வருகிறது. அலமாரியிலிருந்து வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல். எஸ்.எஸ்.டி. பரணிலிருந்து வர ஒரு நாளுக்கு மேல். ஹார்ட் டிஸ்க் பரண் என்றால் கார்த்திகை தீபத்தன்று கேட்ட கடுகு பங்குனி மாதத்தில்தான் கிடைக்கும்!

அஞ்சறைப் பெட்டி இல்லாத சமையலறை எப்படி இருக்கும் என்று 1998இல் உலகம் பார்த்தது. இன்டெல் விலை குறைவாகக் கொண்டு வந்த முதல் செலிரான் பிராசசரில் இரண்டாம் நிலைக் கேஷ் வைக்கவில்லை. பல வேலைகளில் அது மெதுவாக ஓடியதால் முணுமுணுப்பு எழுந்தது. அதே ஆண்டில் 128 கிலோ பைட் கேஷுடன் வேறு செலிரானைக் கொண்டு வந்தார்கள்.

பிரவுசருக்கும் ஒரு கேஷ்

பிராசசருக்குள் இருக்கும் கேஷை நாம் தொடுவதே இல்லை. மெஷினை நிறுத்தினால் அது தானாகக் காலியாகிவிடும். "கிளியர் கேஷ்" என்று திரையில் வருவது வேறு. அது பிரவுசரோ ஒரு அப்ளிகேஷனோ டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கும் பிரதிகள். வேலை அதே அஞ்சறைப் பெட்டி வேலைதான்.

ஒரு வெப்சைட்டுக்கு முதல் தடவை போகும்போது அதன் சின்னம், படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் இன்டர்நெட் வழியாக இறங்குகின்றன. பிரவுசர் அவற்றில் ஒரு பிரதியை எடுத்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்கிறது. மறுநாள் அதே தளத்துக்குப் போனால் அந்தப் பிரதியைக் காட்டிவிடுகிறது. மோடம் வைத்து டெலிபோன் லைனில் இன்டர்நெட் பார்த்த காலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போது பில் கட்டியவர்களுக்குத் தெரியும்.

சில நேரம் இந்தப் பிரதி பழசாகிவிடும். தேர்வு முடிவு வெளியாகிவிட்டது என்று ஊரே சொல்கிறது. உங்கள் திரையில் மட்டும் நேற்றைய பக்கமே நிற்கிறது. அப்போது கண்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். பெட்டியில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாகக் கொண்டு வா என்று பிரவுசருக்குச் சொல்வது இது. பெரும்பாலும் இதுவே போதும்.

இரண்டு பட்டன்கள்

மாட வீதிப் பக்கம் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். கடையில் க்யூ.ஆர். அட்டை வைத்து வியாபாரம் செய்கிறார். போனில் இடம் நிரம்பிவிட்டது, பணம் வந்த மெசேஜ் திறக்க மாட்டேன் என்கிறது, அடுத்த நாள் பௌர்ணமி. செட்டிங்ஸில் "கிளியர் கேஷ்" என்று காட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சார், அத அழுத்துனா அக்கவுண்ட்ல இருக்கற பணம் பூடுமா?"

"பூடாதுண்ணே. உங்க பணம் பேங்க் கம்ப்யூட்டர்ல இருக்கு. இந்த போன்ல இல்ல."

"அப்ப கேஷ்னு ஏன் சார் போட்டுக்கறான்?"

நியாயமான கேள்வி. அவருடைய கடையை வைத்தே விளக்கினேன். "வாசல்ல தட்டுல கற்பூரம், ஊதுபத்தி, அகல் விளக்கு கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கீங்க இல்ல? சரக்கு மொத்தமும் உள்ள இருக்கு. தட்டக் காலி பண்ணா சரக்கு குறையுமா?"

"குறையாது. அடுத்த ஆள் வந்தா உள்ள போய் எடுத்தாரணும். அவ்ளோதான்."

"அதான் கிளியர் கேஷ். ஆனா அதுக்குப் பக்கத்துலயே கிளியர் டேட்டான்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அது உங்க பற்றுவரவு நோட்டை அடுப்புல போடற மாதிரி. அதத் தொடாதீங்க."

அவர் பயந்தது தவறான பட்டனுக்கு. பயப்பட வேண்டியது பக்கத்துப் பட்டனுக்கு. இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையில் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய முக்கிய விஷயம்.

ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ், ஆப்ஸ் என்று போய் ஏதாவது ஒரு ஆப்பைத் தேர்ந்தெடுத்து, ஸ்டோரேஜ் என்ற பகுதியைத் திறந்தால் இந்த இரண்டு பட்டன்களும் அருகருகே இருக்கும். 'கிளியர் கேஷ்' என்பது பிரதிகளை மட்டும் நீக்கும். ஆப் முதல் சில தடவை மெதுவாகத் திறக்கும். பிறகு பழையபடி ஆகிவிடும். 'கிளியர் டேட்டா' என்பது, சில போன்களில் இது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்று இருக்கும், அந்த ஆப்பை இன்றுதான் புதிதாகப் போட்டது போல ஆக்கிவிடும். நீங்கள் செய்த செட்டிங், லாகின் எல்லாம் போகும். வாட்ஸ்அப்பில் இதைச் செய்தால் பேக்கப் எடுக்காத உரையாடல்கள் போனது போனதுதான். பணம் செலுத்தும் ஆப்பில் செய்தால் வங்கியில் உள்ள பணத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிம் சரிபார்ப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டர் பிரவுசரில் கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் இது வேலை செய்யும். வேகத்துக்காக மட்டும் சுத்தம் செய்கிறீர்கள் என்றால், கேஷ் என்று வரும் வரியில் மட்டும் டிக் வையுங்கள். குக்கீஸ் என்பதில் டிக் இருந்தால் மெயில் முதலிய தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். பாஸ்வேர்ட் நினைவில் இருந்தால் பரவாயில்லை. சில பிரவுசர்களில் இந்தப் பட்டியலிலேயே பாஸ்வேர்டுகளும் இருக்கும். தெரியாமல் அதைத் தொட வேண்டாம்.

ஒளிந்திருப்பது எங்கே?

கேஷ் என்றால் ஒளித்து வைத்த இடம் என்று பார்த்தோம். பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ பொதுக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும்போது இந்தப் பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த பக்கங்களின் சுவடு அங்கே தங்கலாம். இன்காக்னிட்டோ அல்லது பிரைவேட் விண்டோவில் வேலை செய்து, முடிந்ததும் லாக் அவுட் செய்து விண்டோவை மூடுங்கள்.

ஆனால் கேஷை அழித்துவிட்டால் எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஆதார் அட்டையையோ பென்ஷன் சீட்டையோ பிரிண்ட் எடுப்பதற்காக டவுன்லோட் செய்தீர்களே, அந்த ஃபைல் டவுன்லோட்ஸ் என்ற ஃபோல்டரில் அப்படியே இருக்கும். பிரைவேட் விண்டோவில் இறக்கியிருந்தாலும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட், டெலீட் அழுத்தி நீக்கிவிட்டு எழுந்திருங்கள்.

இன்னொன்று. கேஷ் நிரம்பிவிட்டது, நாங்கள் சுத்தம் செய்து தருகிறோம் என்று யாராவது போனில் அழைத்து, ஏதோ ஒரு ஆப்பைப் போடச் சொல்லி உங்கள் திரையைப் பார்க்கக் கேட்டால் உடனே போனை வையுங்கள். கேஷை நீக்க ஓ.டி.பி. தேவையில்லை. யு.பி.ஐ. பின் தேவையில்லை. யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. இவற்றைக் கேட்பவர் குறி வைப்பது மூன்றாவது கேஷை அல்ல, முதல் கேஷை. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

தமிழில் கேஷ் மெமரிக்குப் 'பதுக்கு நினைவகம்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பதுக்கல் என்றதும் நமக்கு அரிசிப் பதுக்கல்தான் நினைவுக்கு வருகிறது. 'தற்காலிகச் சேமிப்பு' என்றும் சொல்கிறார்கள். அது பொருளைச் சரியாகவே சொல்லிவிடுகிறது. எனக்கு அஞ்சறைப் பெட்டியே பிடித்திருக்கிறது. எந்தப் பெயரில் வந்தாலும் சரி, இன்று மாலை கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த மூன்று கீகளை அழுத்தி, கேஷ் என்ற வரியில் மட்டும் டிக் வைத்து, ஒருமுறை நீங்களே நீக்கிப் பாருங்கள். ஒன்றும் ஆகாது. ஒரு சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதைத் தொடக் கை தயங்காது.